ஒரு கூடத்துக்கு முன்னாள் சட்டமன்ற உறுப்பினரின் பெயர்: மனு முதல் பெயர்ப் பலகை வரை

நகராட்சிப் பள்ளியின் புதிய வகுப்பறைத் தொகுதி, ஊர் நூலகத்தின் வாசிப்புக் கூடம், அரசு மருத்துவமனையின் பிரசவப் பிரிவு. இப்படி ஏதோ ஒன்றுக்கு, அது வருவதற்கு உழைத்த முன்னாள் சட்டமன்ற உறுப்பினரின் பெயரை வைக்க வேண்டும் என்று ஊரில் பேச்சு எழும். அடுத்து யாரிடம் போவது, எதை எழுதிக் கொடுப்பது என்று தெரியாமல் அது பேச்சோடு நின்றுவிடும். அல்லது ஒரு ஃப்ளெக்ஸ் பலகையாகத் தொங்கி, அடுத்த வெள்ளையடிப்பில் காணாமல் போகும். புதிதாகப் பொறுப்புக்கு வந்த வார்டு உறுப்பினர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர், முன்னாள் மாணவர் சங்கத்தினர், வாசகர் வட்டத்தினர் ஆகியோருக்காகத் தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டி இதை எழுதுகிறோம்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. வழி கேட்பவருக்கு உதவுகிற பெயர்தான் நிலைக்கும். சென்னைத் தலைமைச் செயலக வளாகத்தில் இருக்கும் பத்து மாடிக் கட்டடத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை என்று பெயர். கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். கோட்டைக்குள் எந்தத் துறையைத் தேடிப் போனாலும் “நாமக்கல் கவிஞர் மாளிகையில் எத்தனையாவது மாடி?” என்றுதான் கேட்க வேண்டும். பழைய கட்டடத்திலிருந்து இதைப் பிரித்துச் சொல்ல அந்தப் பெயர் தேவைப்படுகிறது, அதனால் தினமும் புழங்குகிறது. சென்னை விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்துக்குக் காமராசர் பெயரும் பன்னாட்டு முனையத்துக்கு அண்ணாவின் பெயரும் சூட்டப்பட்டன. ஆனால் பயணச் சீட்டில் அச்சாவது முனைய எண்தான், பயணியும் அதையே சொல்கிறார். இவ்வளவு பெரிய தலைவர்களுக்கே இப்படி என்றால், உங்கள் ஊர் உறுப்பினரின் பெயர் புழக்கத்தில் நிற்க வேண்டுமானால் தொடக்கத்திலிருந்தே திட்டமிட வேண்டும்.

கட்டடம் யாருடையது?

பாதி மனுக்கள் சிக்குவது இங்கேதான். கட்டடத்தில் யார் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்பது வேறு, கட்டடம் யாருக்குச் சொந்தம் என்பது வேறு. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியை நடத்துவது கல்வித் துறை, ஆனால் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அப்படி இல்லை, கட்டடமும் அரசுடையது. நகராட்சிப் பள்ளி என்றால் கட்டடம் நகராட்சிக்குச் சொந்தம். நூலகம் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் சொந்தக் கட்டடத்தில் இருக்கலாம், ஊராட்சி கொடுத்த இடத்திலும் இருக்கலாம். வாடகைக் கட்டடமாக இருந்தால் பெயர் சூட்டும் பேச்சே எடுக்காதீர்கள்.

ஆகவே முதல் வேலை, சொத்துப் பதிவேட்டில் அந்தக் கட்டடத்தின் பதிவைக் கண்டுபிடிப்பது. புல எண், கட்டிய ஆண்டு, எந்த நிதியில் கட்டப்பட்டது, எந்தத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டைக் காட்டத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி நகல் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

எந்த நிதி என்பதை விட்டுவிடாதீர்கள். சில திட்டங்களின் வழிகாட்டு நெறிமுறைகளில் அந்த நிதியில் எழுந்த கட்டடத்துக்குத் தனிநபர் பெயர் கூடாது என்றோ, திட்டத்தின் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்றோ நிபந்தனை இருக்கும். தனியார் நன்கொடையில் கட்டியது என்றால் நன்கொடையாளரோடு செய்த ஒப்பந்தத்தையும் பாருங்கள். பெயர் வைக்கும் உரிமையை அவருக்கே கொடுத்திருக்கலாம்.

எந்தப் பகுதி?

முழுக் கட்டடத்தை விட்டு ஒரு பகுதிக்குப் பெயர் கேட்பதில் நன்மை அதிகம். பள்ளியின் பெயரை மாற்றினால் மாற்றுச் சான்றிதழ், தேர்வுத் துறைப் பதிவு, வங்கிக் கணக்கு என எல்லாவற்றையும் தொட வேண்டும். ஒரு தொகுதிக்கோ கூடத்துக்கோ வைத்தால் இதில் எதுவும் வராது. ஊரில் எதிர்ப்பும் குறைவாக இருக்கும். நாளை இன்னொருவரை நினைவுகூர இடமும் மிச்சம் இருக்கும்.

ஆனால் பகுதியைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். தனி வாசல் உள்ளதாகவோ தனியாகப் பிரித்துச் சொல்லும்படியாகவோ இருக்க வேண்டும். நகராட்சி அலுவலகத்தில் இருப்பதே ஒரு கூட்ட அரங்கு என்றால் எல்லாரும் “மீட்டிங் ஹால்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள், பெயர் ஒட்டாது. இரண்டு கூடங்கள் இருந்தால் பெயருக்கு வேலை வருகிறது. மருத்துவமனையில் வார்டுகளுக்கு எண் இருக்கும், எண்ணோடு பெயர் போட்டி போட முடியாது. அங்கே தனித் தொகுதியாக நிற்கும் கட்டடத்தைக் கேளுங்கள். இடிக்கும் பட்டியலில் உள்ள பழைய கட்டடம் வேண்டாம். உதவிப் பொறியாளரிடம் கேட்டால் அதன் நிலையைச் சொல்லிவிடுவார்.

அந்த மனிதரின் உழைப்புக்கும் இடத்துக்கும் தொடர்பு இருப்பது மிக நல்லது. குடிநீருக்காகச் சட்டமன்றத்தில் திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தவரின் பெயரை நீரேற்று நிலைய வளாகத்தின் அலுவலகக் கட்டடத்துக்குக் கேட்டால், ஏன் இவர் பெயர் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே வேண்டியதில்லை.

மனிதரைப் பற்றிய விவரம்: இங்கே அவசரம் கூடாது

கல்லில் வெட்டிய பிழை ஊர் உள்ளவரை நிற்கும். முன்னாள் உறுப்பினர்களைப் பற்றிக் குடும்பத்தினர் சொல்லும் ஆண்டுகளும் கட்சிக்காரர்கள் சொல்லும் ஆண்டுகளும் அடிக்கடி தவறாக இருக்கும். வேண்டுமென்றே சொல்வதில்லை, நினைவு அப்படித்தான். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளில் 1952 முதல் ஒவ்வொரு தேர்தலுக்கும் தொகுதிவாரியாக முடிவுகள் உள்ளன. அதோடு ஒப்பிடாமல் எதையும் எழுத வேண்டாம். அடிக்கடி நேரும் பிழைகளைச் சொல்கிறோம்.

ஐந்து ஆண்டுகள் என்று கணக்குப் போட்டு எழுதிவிடுவது முதல் பிழை. தமிழ்நாட்டில் பல பேரவைகள் முழுக் காலம் இருக்கவில்லை. நான்காவது பேரவை 1967 முதல் 1971 வரை. ஐந்தாவது 1976 ஜனவரியில் கலைக்கப்பட்டது, அடுத்த தேர்தல் 1977-இல்தான். ஆறாவது 1977–80. எட்டாவது 1985–88. ஒன்பதாவது 1989–91. இரண்டு ஆண்டு மட்டுமே நடந்த ஒன்பதாவது பேரவை உறுப்பினருக்கு “1989–1994” என்று கல்வெட்டில் போட்டால், விவரம் தெரிந்த முதல் ஆளே சிரித்துவிடுவார். எட்டாவது பேரவைக்கான தேர்தல் 1984 டிசம்பரில் நடந்தது, பேரவை அமைந்தது 1985-இல். இரண்டில் எதை எழுதுகிறீர்கள் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இடைத்தேர்தலில் வந்தவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். காமராசர் முதலமைச்சரான பிறகு 1954-இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றுதான் பேரவைக்கு வந்தார். அவரைக் குடியாத்தத்தின் 1952–57 உறுப்பினர் என்று எழுதினால் தவறு.

எந்த அவை என்பது அடுத்தது. 1986-இல் மேலவை கலைக்கப்படும் வரை தமிழகத்தில் இரண்டு அவைகள் இருந்தன. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது மேலவை உறுப்பினர், பேரவை உறுப்பினர் அல்லர். 1937-க்கு முன்போ ஒரே ஒரு சட்டமன்றம்தான், அதன் ஆங்கிலப் பெயர் ‘மெட்ராஸ் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில்’. 1920-களின் பிற்பகுதியில் அதில் இடம்பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் போன்றவர்களை “மேலவை உறுப்பினர்” என்று போடுவது பிற்கால அமைப்பை முன்காலத்தின் மேல் ஏற்றிவிடுவதாகும்.

மாநிலத்தின் பெயரையும் பாருங்கள். ‘தமிழ்நாடு’ என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரியில். அதற்கு முன் பணியாற்றியவருக்குச் சென்னை மாநிலச் சட்டப்பேரவை என்று எழுதுவதே முறை. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1-இல்தான் ஆந்திரத்திலிருந்து வந்து சேர்ந்தது. அந்தப் பகுதிகளின் அக்கால உறுப்பினர்கள் உட்கார்ந்தது வேறு சட்டமன்றத்தில்.

தொகுதிப் பெயர் இன்னொரு பொறி. 2008 மறுவரையறையில் சாத்தான்குளம், சேரன்மகாதேவி, சமயநல்லூர், கடலாடி போன்ற தொகுதிகள் மறைந்தன. அவர் வென்ற தொகுதியின் அன்றைய பெயரையே எழுதுங்கள். இன்றைய தொகுதியின் பெயரை மாற்றிப் போடாதீர்கள். 1952, 1957 தேர்தல்களில் சில தொகுதிகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். “தொகுதியின் ஒரே பிரதிநிதி” என்றெல்லாம் அலங்கரிக்கும் முன் அதைச் சரிபாருங்கள்.

அவர் சட்டமன்றத்தில் என்ன பேசினார் என்பதற்குப் பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் உண்டு. அந்தப் பள்ளிக்காகவோ மருத்துவமனைக்காகவோ அவர் கேட்ட கேள்வி கிடைத்தால், தேதியோடு மனுவில் இணையுங்கள். நூறு கையெழுத்தைவிட அந்த ஒரு பக்கத்துக்கு வலு அதிகம். நீதிமன்றத் தண்டனை, தகுதி நீக்கம் எதுவும் உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். பெயர் வைத்த பிறகு யாரோ வழக்குப் போட்டு அது வெளியே வருவது குடும்பத்துக்கும் ஊருக்கும் பெரிய வேதனை.

உயிரோடு இருப்பவரின் பெயரைக் கேட்காதீர்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அவர் மீண்டும் தேர்தலில் நிற்கலாம், கட்சி மாறலாம். அப்போது பலகை தேர்தல் விளம்பரமாகிவிடும்.

பெயரை எப்படி எழுதுவது?

முன்னெழுத்து, பெயர், இடத்தின் வகை. அவ்வளவு போதும். “மாண்புமிகு” பதவியில் இருப்பவருக்கான அடைமொழி. “மக்கள் செல்வர்”, “ஏழைப் பங்காளர்” போன்ற பட்டங்கள் கட்சி மேடைக்கு உரியவை. நீளமான பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். தீர்மானத்தில் எட்டுச் சொல் இருந்தால், வாயில் புழங்குவது கடைசி இரண்டு சொல்லாகத்தான் இருக்கும். அந்த இரண்டும் என்னவாக இருக்கும் என்று இப்போதே யோசித்துவிடுங்கள்.

சாதிப் பின்னொட்டு வேண்டாம். அவர் காலத்து ஆவணங்களில் இருந்தாலும் பெயர்ப் பலகையில் தேவையில்லை. தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கும் முயற்சி எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்திலேயே நடந்தது, 2025 அக்டோபரிலும் அரசு இதற்கென ஆணை பிறப்பித்தது. இது வெறும் விதிமுறைப் பேச்சும் அல்ல. 1997-இல் கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைத்ததை ஒட்டித் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் வெடித்தது. அரசு கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. ஒரு பெயர் ஒரு சாதியின் கொடியாக மாறினால் எல்லாருடைய பெயரும் போகும். உங்கள் மனுவில் கையெழுத்திடுவோர் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக இருந்தால், மனுவைக் கொடுக்காமல் இன்னும் இரண்டு மாதம் பொறுத்து, மற்றத் தெருக்களுக்கும் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

குடும்பத்தாரிடம் எழுத்துப்பூர்வமான இசைவு வாங்குங்கள். பெயரின் எழுத்து வடிவம், பிறந்த நாள், மறைந்த நாள், பயன்படுத்தும் புகைப்படம் ஆகியவற்றை அதே தாளில் எழுதி எல்லா வாரிசுகளிடமும் கையெழுத்துப் பெறுவது நல்லது. ஒரு மகன் சம்மதித்து இன்னொரு மகள் பின்னால் மறுக்கும் நிலை வருவதுண்டு.

தீர்மானம்

கிராமமாக இருந்தால் கிராம சபையில் தொடங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடும். கூட்ட அறிவிப்பு 7 நாள் முன்னதாக வெளியாகும். அதற்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்துப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் எழுந்து திடீரென்று கேட்டால் “அடுத்த முறை பார்ப்போம்” என்றுதான் பதில் வரும். குறைவெண் வரம்பைப் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) பாருங்கள்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். வரம்பு எட்டாத கூட்டத்தில் எடுத்த தீர்மானத்தை ஒரே ஒரு புகார் கவிழ்த்துவிடும்.

கிராம சபையின் தீர்மானம் ஊரின் விருப்பத்தைக் காட்டுகிறது. சொத்துக்கு உரிய மன்றத்தின் தீர்மானம் வேறு, அதையும் தனியாக எடுக்க வேண்டும். ஒன்றியப் பள்ளிக்கு ஒன்றியக் குழு, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிக் கட்டடங்களுக்கு அந்தந்த மன்றம். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்தில் அவசரப்பட வேண்டாம். சட்டப்படி அவர் தீர்மானிக்கலாம் என்றாலும், மக்கள் பிரதிநிதிக்குச் செய்யும் மரியாதையை மக்கள் பிரதிநிதிகள் செய்வதே பொருத்தம்.

தீர்மான வாசகம் மொட்டையாக இருந்தால் மேலே போய்த் திரும்பி வரும். “முன்னாள் எம்.எல்.ஏ. பெயர் வைக்க முடிவு செய்யப்பட்டது” என்பது போதாது. கீழே உள்ளதுபோல் இருக்கட்டும்:

“…… நகராட்சிக்குச் சொந்தமான, …… வார்டு, புல எண் ……-இல் அமைந்துள்ள …… பள்ளி வளாகத்தின் வடக்குப் பக்கத்தில் …… ஆம் ஆண்டு …… நிதியில் கட்டப்பட்ட, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வகுப்பறைத் தொகுதிக்கு மட்டும், …… தொகுதியிலிருந்து …… ஆம் சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பணியாற்றி மறைந்த திரு. …… அவர்களின் நினைவாக ‘……’ எனப் பெயர் சூட்டவும், பள்ளியின் பெயரில் மாற்றம் ஏதும் இல்லை எனவும், பெயர்ப் பலகைச் செலவை …… ஏற்கவும், பராமரிப்பை …… மேற்கொள்ளவும், அரசின் அனுமதி பெற்ற பின்னரே பலகை நிறுவவும் இம்மன்றம் தீர்மானிக்கிறது.”

“மட்டும்” என்ற சொல்லையும் “பள்ளியின் பெயரில் மாற்றம் ஏதும் இல்லை” என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். கோப்பு மேலே போகும்போது முதலில் எழும் ஐயம் அதுதான். கட்டடம் பின்னாளில் இடிக்கப்பட்டால் அந்த இடத்தில் எழும் புதுக் கட்டடத்துக்கு இதே பெயர் தொடருமா என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால் பிற்காலச் சண்டை ஒன்று குறையும்.

தீர்மானத்துக்கு முன் ஆட்சேபம் கேட்டு அலுவலக அறிவிப்புப் பலகையில் 15 நாள் ஒட்டச் சொல்லுங்கள். ஆட்சேபம் வந்தால் அதையும், அதற்கு மன்றம் சொன்ன பதிலையும் கோப்பில் சேருங்கள். மறைத்தால் அதுவே நீதிமன்றத்தில் எதிராகப் பேசும்.

கோப்பு போகும் பாதை

கிராம ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஊராட்சிகள் பிரிவு, ஊரக வளர்ச்சி இயக்குநரகம், பிறகு தலைமைச் செயலகம். ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் இருவர் உண்டு. ஊராட்சிக் கட்டடத்துக்குக் கிராம ஊராட்சிகளைக் கவனிப்பவரிடமும், ஒன்றியச் சொத்துக்கு வட்டார ஊராட்சியைக் கவனிப்பவரிடமும் போக வேண்டும். நகராட்சி என்றால் ஆணையர் வழியாக நகராட்சி நிர்வாக இயக்குநரகம். பேரூராட்சிக்குச் செயல் அலுவலர் வழியாகப் பேரூராட்சிகள் இயக்குநரகம். அரசுப் பள்ளிக்குத் தலைமையாசிரியர், முதன்மைக் கல்வி அலுவலர், இயக்குநர். மாவட்ட, வட்ட மருத்துவமனைக்கு நலப்பணிகள் இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டீன்.

மனுவோடு இணைக்க வேண்டியவை: தீர்மான நகல், சொத்துப் பதிவேட்டு நகல், இடத்தைக் குறித்த வரைபடம், இரண்டு புகைப்படங்கள், தேர்தல் முடிவின் பக்கம், பேரவைக் குறிப்பு, இறப்புச் சான்று, குடும்ப இசைவு, செலவை யார் ஏற்கிறார்கள் என்ற உறுதிக் கடிதம். வரைபடத்தில் அந்தப் பகுதியைச் சிவப்புக் கோட்டால் சுற்றிக் காட்டுங்கள். மூன்று செட் எடுத்து ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் நேரில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து மாதம் ஒருமுறை விசாரியுங்கள். மேசை மேசையாகப் போய் நிற்பதைவிட, “இன்ன தேதியில் இன்ன பிரிவுக்கு அனுப்பப்பட்டது” என்ற குறிப்பை ஒவ்வொரு முறையும் வாங்கி வைப்பது பயன் தரும். ஆறு மாதமாக அசைவே இல்லை என்றால் தகவல் அறியும் உரிமையில் கோப்பின் நிலையைக் கேளுங்கள். கோபமாக எழுத வேண்டாம், கோப்பு எண்ணும் தேதியும் போதும்.

தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும். அந்தக் காலத்தில் புதிய பெயர் அறிவிப்போ திறப்பு விழாவோ நடக்காது. தலைவர்களின் படங்களையும் பெயர்களையும் மறைக்கச் சொல்வார்கள். ஏப்ரல், மே மாதங்களில் தேர்தல் எதிர்பார்க்கப்படும் ஆண்டில், முந்தைய டிசம்பருக்குள் ஆணை கையில் இல்லை என்றால் விழாத் தேதியைத் தேர்தலுக்குப் பின் தள்ளுங்கள்.

ஆணை வருவதற்கு முன் பலகை மாட்டக் கூடாது. “மாட்டிவிட்டால் யார் எடுப்பார்கள்?” என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அனுமதியில்லாமல் மாட்டியதை அதிகாரி ஒருவர் கழற்றும் காட்சி, அந்த மனிதரின் நினைவுக்கே அவமரியாதை.

பலகை

இரண்டு தனித்தனிப் பலகைகள் வேண்டும். வாசலுக்கு மேலே பெயர் மட்டும், உள்ளே கண் மட்டத்தில் வாழ்க்கைக் குறிப்பு. திறந்துவைத்தவர், தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று இருபது பெயர் வரும் விழாக் கல்வெட்டை மூன்றாவதாகப் பக்கச் சுவரில் வையுங்கள். பெயர்ப் பலகையில் வேறொருவர் பெயரும் வரக் கூடாது. கட்சிச் சின்னமும் கொடி நிறமும் கூடவே கூடாது.

வாசல் எழுத்துக்கு துருப்பிடிக்காத எஃகு நல்லது. உள்மாவட்டங்களில் 304 தரம் போதும், கடற்கரை ஊர்களில் 316 கேளுங்கள். 304 அங்கே இரண்டு மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி பிடிக்கும். உள்ளே விளக்கெரியும் எழுத்து வேண்டாம். ஓர் எழுத்தின் விளக்கு அணைந்தாலும் பெயர் வேறாகிவிடும். வினைல் ஒட்டிய பலகை மேற்கு வெயிலில் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும்.

எழுத்தின் அளவில்தான் அதிகம் ஏமாறுகிறோம். 3 மீட்டர் தூரத்துக்கு 25 மி.மீ. உயரம் என்பது வசதியாகப் படிக்கத் தேவையான கணக்கு. வாசலிலிருந்து கேட் 12 மீட்டர் என்றால் 100 மி.மீ. வேண்டும். ஆனால் “100 மி.மீ. எழுத்து” என்று மட்டும் சொன்னால், கடைக்காரர் மேலே ‘கி’யின் கொக்கியிலிருந்து கீழே ‘கூ’வின் சுழி வரை அளந்து 100 ஆக்கிவிடுவார். அடிப்படை எழுத்து 60 மி.மீட்டருக்குச் சுருங்கிவிடும். “‘ப’ எழுத்தின் உயரம் 100 மி.மீ.” என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

வாழ்க்கைக் குறிப்புக்குக் கறுப்புக் கிரானைட் உகந்தது, 20 மி.மீ. கனம். 1,200 × 900 மி.மீ. அளவுள்ள கல் ஏறத்தாழ 60 கிலோ எடை வரும். பசையை மட்டும் நம்பி ஒட்டக் கூடாது. நான்கு மூலையிலும் எஃகு ஆணி வேண்டும், அது சுவர்ப் பூச்சைத் தாண்டிச் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ 60 முதல் 75 மி.மீ. இறங்க வேண்டும். பூச்சு மட்டுமே 15, 20 மி.மீ. இருக்கும் என்பதை மறந்து சிறிய ஆணி அடிப்பதால்தான் கற்கள் விழுகின்றன. பள்ளியில் விழுந்தால் கீழே குழந்தைகள் இருப்பார்கள். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் துளையிடாதீர்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய கட்டடத்தில் கல்லில் துளையிடாமல் இணைப்புக் காரையில் இடுவதே முறை. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் அதற்குரிய குழுவின் அனுமதி முதலில். கல்லின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் சக்கர நாற்காலியில் வருபவரும் நின்று படிப்பவரும் வாசிக்கலாம்.

குறிப்பு 50, 60 சொல்லுக்குள் இருக்கட்டும். பிறப்பு, மறைவு, தொகுதி, பேரவை, ஆண்டுகள், இந்த இடத்தோடு அவருக்கிருந்த தொடர்பு. புகழ்ச்சியைக் குறைத்து அவர் செய்ததை எழுதுங்கள். “கல்விக் கண் திறந்தவர்” என்பதைவிட, “இப்பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர அரசிடம் கோரிப் பெற்றவர்” என்பது படிக்கும் மாணவனுக்கு எதையாவது சொல்லும்.

வெட்டும் முன் மெய்ப்பு பார்ப்பது கட்டாயம். ஒருங்குறியில் (யூனிகோட்) நீங்கள் அனுப்பியதைக் கல்வெட்டுக் கடையில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மாற்றத்தில் புள்ளி போகும், ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறும், ‘ஸ்ரீ’ உடையும். திரையில் பார்க்காமல், முழு அளவில் தாளில் அச்சடித்து அதே சுவரில் ஒட்டிப் பாருங்கள். சம்பந்தமில்லாத ஒரு தமிழாசிரியரைக் கொண்டு எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன புள்ளியைப் பின்னால் வெட்டிவிடலாம், கூடுதலாக வெட்டியதை எடுக்க முடியாது.

மாட்டிய பிறகு

விழா முடிந்த வாரத்திலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. சொத்துப் பதிவேட்டில் கட்டடத்தின் பதிவுக்கு எதிரே ஆணை எண், தேதியோடு பெயரை ஏற்றச் சொல்லுங்கள். ஆணையின் நகலை அலுவலகத்திலும், உள்ளூர் நூலகத்திலும், குடும்பத்திடமும் ஒவ்வொன்று வையுங்கள். பத்து ஆண்டு கழித்துக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர் “பலகை எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்கும்போது காட்ட ஒரு தாள் வேண்டும். அது இல்லாததால் புதுப்பித்த பின் திரும்ப மாட்டப்படாத பலகைகள் பல. புதுப்பிக்கும் மதிப்பீட்டிலேயே “பெயர்ப் பலகையைக் கழற்றிப் பாதுகாத்து மீண்டும் பொருத்துதல்” என்று ஓர் இனம் சேர்க்க உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள்.

வளாகத்தின் வழிகாட்டிப் பலகை, கால அட்டவணை, கூட்ட அழைப்பிதழ், தேர்வு அறைப் பட்டியல், இணைய வரைபடம் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் வர வேண்டும். தலைமையாசிரியரிடமோ ஆணையரிடமோ பேசி, “மாதாந்திரக் கூட்டம் …… கூடத்தில் நடைபெறும்” என்று அழைப்பில் எழுதவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கிரானைட் எழுத்தின் தங்க வண்ணம் வெளிச்சுவரில் மங்கும், மீண்டும் நிரப்ப அரை நாள் வேலைதான். வெள்ளையடிப்பதற்கு முன் எஃகு எழுத்துகளின் மேல் ஒட்டுத்தாள் சுற்றச் சொல்லுங்கள். எழுத்துக்கும் சுவருக்கும் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்தியிருந்தால் இது எளிது. சுவரோடு ஒட்டிப் பொருத்தியிருந்தால் சுண்ணாம்பு விளிம்பில் ஏறிக் கழுவ முடியாமல் நிற்கும். பராமரிப்பை ஏற்றவர் யார் என்று தீர்மானத்தில் எழுதியிருப்பதால், ஆண்டுக்கு ஒருமுறை அவருக்கு ஒரு கடிதம் போடுவது வாசகர் வட்டத்தின் வேலையாக இருக்கட்டும்.